சூரியனைக் காணாத நாட்கள்



பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிக்கும் பாக்கியம் நம்மில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கணவரின் இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு, வியாபாரம், சில வேளை யுத்தம், வெள்ளம் என்று ஏதோ ஒரு காரணம் நம்மை வேறோர் ஊரில் கொண்டுபோய் இறக்கி விடுகிறது. அப்படிப் போகும் ஒரு பெண்ணிடம் எல்லோரும் கேட்பார்கள்: வீடு எப்படி, தண்ணீர் வசதி எப்படி, பள்ளிவாசல் பக்கத்திலா? அந்த ஊரின் வானம் எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வானமும் ஒரு பெண்ணின் மனதை வாட்டக் கூடியது என்பதை நான் என் சொந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் காலம் தாழ்த்தியே கற்றுக்கொண்டேன். என் மனைவியின் அனுமதியோடு அந்தக் கதையை இம்மாதம் உங்களுக்குச் சொல்கிறேன்.

மூதூரிலிருந்து மலைக்கு

எங்கள் ஊர் மூதூர். கொட்டியாரக் குடாவின் கரை. மணல், பனை, வயல், கடல், இவற்றுக்கெல்லாம் மேலே கண் கூசும் வெயில். எங்கள் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை விழுகிறது. அதில் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மே பிறந்தால் மழையை மறந்து விடுவோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். முற்றத்தில் போட்ட உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் அப்பளம் போல் காய்ந்து கிடக்கும்.

2018ஆம் ஆண்டு இரண்டாம் தவணையில் எனக்கு ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. மே மாதத்தின் முதல் வாரம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். மூத்த மகள் மூன்றாம் வகுப்பு. மகனுக்கு மூன்று வயது. கண்டியில் ரயில் ஏறியபோது நல்ல வெயில். நாவலப்பிட்டியைத் தாண்டி ரயில் மலை ஏறத் தொடங்கியதும் வெளிச்சம் குறைந்தது. வட்டவளையில் மழை. ஹட்டனில் இறங்கியபோது மழையும் மூடுபனியும் சேர்ந்து எதிரே இருந்த கடை வரிசையையே மறைத்திருந்தன.

பாவா ஆதம் மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் ரயிலை விட்டு இறங்கும் ஊர் ஹட்டன். அந்த வருடம் வெசாக் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் முடிந்துவிட்டது. யாத்திரிகர்கள் போன பிறகு மழை வரும் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. நாங்கள் மழையோடு மழையாகப் போய் இறங்கியிருக்கிறோம்!

காரணத்தைப் பிற்பாடு அறிந்துகொண்டேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக் காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. நம் மலைநாடு ஒரு சுவரைப் போல அதன் குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது, குளிர்ந்ததும் சுமந்து வந்த ஈரத்தை இறக்கி விடுகிறது. அதனால்தான் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எங்கள் ஊரின் மூன்று மடங்கு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் குளிரும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

வீட்டுக்குள் வந்த மழை

சகோதரிகளே, மழையை நான் சன்னலூடாகப் பார்த்தேன். என் மனைவி அதைக் கையால் தொட்டு வாழ்ந்தார். நான் காலையில் குடையை விரித்துக்கொண்டு பாடசாலைக்குப் போய்விடுவேன். அங்கே பிள்ளைகளின் சத்தம், ஆசிரியர்களின் பேச்சு, தேநீர். அவருக்கோ நாள் முழுவதும் அந்த இரண்டு அறைகளும் தகரக் கூரையின் இரைச்சலும்தான்.

உப்புப் போத்தலில் உப்பு தண்ணீராகக் கசிந்தது. தீப்பெட்டி உரசினால் மருந்து உதிர்ந்தது. அலுமாரியிலிருந்த என் அரபுக் கிதாபுகளின் அட்டையில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. தொழுகைப் பாயை விரித்தால் ஒரு மக்கல் வாசம். திங்கட்கிழமை கழுவிய சட்டை வெள்ளிக்கிழமையும் ஈரமாகவே தொங்கியது. மகனுக்கு இரவில் இழுப்பு வரத் தொடங்கியது. வாசலில் இறங்கினால் அட்டை.

நாங்கள் வந்து இரண்டு வாரத்தில் றமழான் பிறந்தது. ஊரில் என்றால் மூத்தம்மா வீட்டுக் கஞ்சி ஒரு பக்கம், ராத்தா வீட்டுப் பலகாரம் ஒரு பக்கம் என்று நோன்பு திறக்கும் நேரத்தில் வீடு நிறைந்திருக்கும். இங்கே நாங்கள் நால்வர் மட்டும். மஃரிபுக்கு முன்னரே இருட்டிவிடும். பாங்குச் சத்தம் கூட மழை இரைச்சலுக்குள் அமுங்கித்தான் வந்து சேரும்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவர் சொன்னார்: "இஞ்சாருங்க, இது பகலா இரவா எண்டே எனக்குத் தெரியுதில்ல. சூரியனக் கண்டு எத்தின நாள்?"

நான் செய்த பிழை

நான் ஒரு மௌலவி. மழையைப் பற்றி யாராவது குறை சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கொண்டிருந்தவன். மழை அல்லாஹ்வின் றஹ்மத் என்றேன். மழையைக் கண்டால் பயனுள்ள மழையாக ஆகும்படி நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்ததையும், ஒரு தடவை தம் ஆடையைச் சற்று விலக்கி மேனியில் மழைத்துளி படச் செய்ததையும் எடுத்துச் சொன்னேன். ஷுக்ர் வேண்டும், ஸப்ர் வேண்டும் என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

அவர் தலை குனிந்து கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "றஹ்மத்துத்தான், நான் இல்லை எண்டு சொல்லயில்லயே. ஆனா புள்ளட உடுப்பு காயுதில்லயே" என்றார்.

அன்றிலிருந்து அவர் மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் உபதேசம் பலித்துவிட்டது என்று நானும் திருப்தியோடு இருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழித்து தறாவீஹ் தொழுகைக்குப் போக நான் குடையை எடுத்தபோது மகள் வாசலுக்கு வந்து என் காதோடு சொன்னாள்: "வாப்பா, உம்மா ஒவ்வொரு நாளும் குசினிக்குள்ள இருந்து அழுற. உங்களுக்குச் சொல்ல வேணாமாம். நீங்க ஹதீஸ் சொல்லுவீங்களாம்."

சகோதரிகளே, அந்த எட்டு வயதுப் பிள்ளையின் பேச்சு என் நெஞ்சில் தைத்த மாதிரி எந்த ஆலிமின் பேச்சும் தைத்ததில்லை. ஹதீஸ் என்பது ஒரு பெண்ணின் வாயை மூடும் பொருளாக என் வீட்டில் ஆகியிருந்தது.

மதீனாவில் ஒரு வாரம்

அன்றிரவு தறாவீஹ் முடிந்தும் நான் பள்ளிவாசலிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மத்ரஸாவில் ஓதியபோதும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தபோதும் பல முறை கடந்துபோன ஒரு சம்பவம் அப்போது புதிதாக நினைவுக்கு வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பது.

மதீனாவில் கடும் வறட்சி. ஒரு ஜும்ஆவில் நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக் கொண்டிருந்தபோது ஒரு மனிதர் எழுந்து, மழைக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டினார். அவர்கள் கையேந்தினார்கள். வானம் திறந்தது. அதன் பின் ஒரு வாரம் மதீனாவாசிகள் சூரியனையே காணவில்லை. அடுத்த ஜும்ஆவில் மறுபடியும் ஒருவர் எழுந்து நின்றார். வீடுகள் இடிகின்றன, பாதைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன, மழையை நிறுத்தும்படி கேளுங்கள் என்றார்.

போன வாரம் மழையைக் கேட்டவர்கள் இந்த வாரம் மழை வேண்டாம் என்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த மனிதரைக் கடிந்துகொள்ளவில்லை. நன்றி கெட்டவர் என்று சொல்லவில்லை. ஓர் அறிவிப்பில் புன்னகைத்தார்கள் என்று வருகிறது. பிறகு கையேந்தி, மழையை எங்கள் மீதல்லாமல் எங்களைச் சுற்றியுள்ள மேடுகளின் பக்கமும் குன்றுகளின் பக்கமும் ஓடைகளின் பக்கமும் மரங்கள் முளைக்கும் இடங்களின் பக்கமும் திருப்பும்படி கேட்டார்கள். மேகம் விலகியது. மக்கள் வெயிலில் நடந்து வீடு திரும்பினார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் அபூபக்கர் (ரழி), பிலால் (ரழி) போன்ற பெரும் ஸஹாபாக்களுக்கே அந்த ஊரின் சுவாத்தியம் ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் படுத்தார்கள். பிலால் (ரழி) அவர்கள் காய்ச்சல் தணியும் போதெல்லாம் மக்காவின் பள்ளத்தாக்கையும் அதன் புல்லையும் சுனையையும் மலைகளையும் இனி எப்போது காண்பேன் என்று ஏங்கிப் பாடுவார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எந்த மக்கா? அவர்களைச் சுடுமணலில் கிடத்திக் கொடுமை செய்த மக்கா! அந்த ஏக்கத்தை நபி (ஸல்) அவர்கள் ஈமானின் குறைவாகக் காணவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்கு விருப்பமானதாக்குவாயாக என்று துஆச் செய்தார்கள்.

பிலாலுக்கு (ரழி) இருந்த உரிமை என் மனைவிக்கு இல்லையா?

வீட்டுக்கு வந்து, நான் பிழை செய்துவிட்டேன் என்று சொல்லி இரண்டு சம்பவங்களையும் முழுமையாகச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டிருந்தவர் கடைசியில் சிரித்துவிட்டார். "மழை குன்றுப் பக்கம் போகட்டும் எண்டு துஆக் கேட்டாங்க. நாம அந்தக் குன்றுக்கு மேலயே ஊடு எடுத்திருக்கமே, மறுகா எப்படி!" என்றார். ஹட்டனுக்கு வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

தாத்தாவின் பாடங்கள்

மனதின் பாரம் சற்று இறங்கியது. ஆனால் உடுப்பு இன்னும் காயவில்லை. அந்தப் பக்கத்துக்கு அல்லாஹ் ஒரு பெண்ணை அனுப்பி வைத்தான்.

அடுத்த வீட்டில் ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு தாய். பரம்பரை பரம்பரையாக மலையில் வாழும் முஸ்லிம் குடும்பம். நோன்புக் கஞ்சிக் கோப்பையை முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் நனைந்தபடி எங்கள் வாசலுக்கு வந்தார். அவரை எல்லோரும் "தாத்தா" என்பார்கள். நாங்கள் ராத்தா என்பதை அவர்கள் தாத்தா என்கிறார்கள். பாடசாலையில் தமிழ்ப் பிள்ளைகளிடம் பாட்டனாரைத் தாத்தா என்று கேட்டுப் பழகிய என் மகள், "வாப்பா, இவ பொம்புளதானே?" என்று கேட்டு எங்களைத் தர்மசங்கடப்படுத்தினாள்.

தாத்தா எங்கள் வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். எல்லாச் சன்னலும் இறுக்கி மூடிக் கிடந்தன. குளிர் வராதிருக்க மூடியிருந்தோம். "இப்பிடிப் பூட்டினா ஈரம் எங்கால போற மகள்?" என்றார். மழை ஓயும் பதினைந்து நிமிடம் கிடைத்தாலும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடச் சொன்னார். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி வைக்கச் சொன்னார். உப்புக்குள் கொஞ்சம் வறுத்த அரிசி போடச் சொன்னார். எல்லா உடுப்பையும் ஒரே நாளில் கழுவிக் குவிக்காமல் நாளுக்கு நாலைந்தாகக் கழுவி, குசினியில் அடுப்புக்கு எட்டத்தில் கட்டிய கொடியில் போட்டு எடுக்கச் சொன்னார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டரும் அதைத்தான் சொன்னார்: பிள்ளை தூங்கும் அறைக்குள் ஈர உடுப்புத் தொங்கக் கூடாது, சுவரில் பூஞ்சணம் பிடிக்க விடக் கூடாது. கரிச் சட்டி வைத்து அறையைச் சூடாக்கலாமா என்று நான் கேட்டேன். மூடிய அறைக்குள் கரி புகைந்தால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தார். குளிர்ப் பிரதேசத்தில் வாழும் சகோதரிகள் இதை மறக்கக் கூடாது.

அட்டைக்கும் மருந்து இருந்தது. தேசிக்காய்ச் சாறு. 1344ஆம் ஆண்டு பாவா ஆதம் மலைக்கு வந்த நம் பெரும் யாத்திரிகர் இப்னு பதூதாவும் இந்த அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். வழியிலே மக்கள் எலுமிச்சம்பழம் ஆயத்தமாக வைத்திருந்து அதன் மீது பிழிவார்கள் என்கிறார். அறுநூற்று எழுபது வருடத்துக்குப் பிறகும் அதே அட்டை, அதே எலுமிச்சை! இதைச் சொன்னதும் தாத்தா, "அப்ப எங்கட வைத்தியம் கிதாபிலயும் ஈக்கிதா!" என்று பெருமைப்பட்டுக் கொண்டார்.

மனைவிக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஈரம் காயாத உடுப்போடு, அபாயாவின் ஓரத்தில் தெறித்த தெருச் சேற்றோடு தொழலாமா? ஈரம் நஜீஸ் அல்ல. தெருச் சேற்றில் அசுத்தம் கலந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத வரை அது சுத்தமானதே. தவிர்க்க முடியாத அளவு படுவது மன்னிக்கப்படும் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் விளக்கம். குளிரில் வுழூவுக்கும் இலகு உண்டு. வுழூவோடு அணிந்த தோல் காலுறையின் மீது, ஊரிலிருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும் மஸ்ஹு செய்யலாம். இரவு மழை கடுமையானால் உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுங்கள் என்று பாங்கோடு அறிவிக்கும் வழக்கம் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருந்தது. நம் மார்க்கம் மழையின் சிரமத்தை அறிந்த மார்க்கம்.

தாத்தாவின் எல்லாப் பாடத்திலும் பெரிய பாடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் மழையோ இல்லையோ வந்து மனைவியை வெளியே அழைத்துப் போவார். ஒரு குடைக்குள் இருவர். கடைத்தெரு வரை, நோயாளி இருக்கும் வீடு வரை, பிள்ளை பிறந்த வீடு வரை. "மழ ஈக்கிது எண்டு ஊட்டுக்குள்ளயே ஈந்தா மனசும் பூஞ்சணம் புடிக்கும் மகள்" என்பது அவர் வாக்கு. மங்கலான நாளிலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கை விடப் பல மடங்கு பெரிது. குளிர்காலத்தில் பகல் குறுகும் வட தேசங்களில் பலருக்கு மனச்சோர்வு வருவதை 1984ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் ஒரு நோயாக விவரித்து வெளிச்சத்தால் சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். இலண்டனிலும் கனடாவிலும் வாழும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அழுகையும் தூக்கமின்மையும் வாரக் கணக்கில் நீண்டால், அதை ஈமானின் பலவீனம் என்று மூடி வைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இழுப்புக்கு மருந்து எடுப்பது போலத்தான் இதுவும்.

சுரங்கத்துக்கு அப்பால்

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் அனைவரும் ரயிலில் ஹப்புத்தளை வரை போய் வருவது என்று தீர்மானித்தோம். ஹட்டனில் மழை. தலவாக்கலையில் மழை. நானுஓயாவில் மழையோடு குளிர். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலையை அடைந்தபோது வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. "இதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மனைவி என்னைப் பார்த்தார்.

அதன் பின் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் மலை முகட்டைத் துளைத்துச் செல்லும் சுரங்கம் அது. இருள். பிள்ளைகளின் கூச்சல். சில நிமிடங்களில் மறுபுறம் வெளிவந்தோம்.

வெயில்!

நீல வானம். கீழே வெகு தூரம் வரை ஊவாவின் மலைகள் துலக்கமாகத் தெரிந்தன. பெட்டியிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமிட்டார்கள். என் மனைவி சத்தமிடவில்லை. கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையில் வெயிலை ஏந்திக்கொண்டு அப்படியே இருந்தார்.

ஹப்புத்தளையில் இறங்கியதும் உடுப்பைப் பிடுங்கும் காற்று. மனைவி பையைத் திறந்தார். உள்ளே சாப்பாட்டுக்குக் கீழே, நான்கு நாளாகக் காயாத மகனுடைய சட்டைகள் மூன்று. "சும்மாதான் கொண்டு வந்தன்" என்றார். பாதையோரக் கல்மதிலில் அவற்றை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். நாங்கள் சாப்பிட்டு லுஹரையும் தொழுது வருவதற்குள் காய்ந்து மொறுமொறுத்தன. அவற்றை முகத்தோடு வைத்து மணந்து பார்த்தவர், "இது கச்சான் மணக்குது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மேற்கில் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்ட அதே காற்றுத்தான் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது, உலர்கிறது. கிழக்குச் சமவெளியை அடையும்போது கச்சான் ஆகிவிடுகிறது. மூதூரில் உம்மா வீட்டு முற்றத்தில் நெல்லைக் காய வைக்கும் காற்றும், ஹட்டனில் எங்கள் உடுப்பைக் காய விடாத காற்றும் வேறு வேறல்ல. ஒரே காற்று. காற்றுகளை மாறி மாறி வீசச் செய்வதில் சிந்திப்போருக்கு அத்தாட்சி உண்டு என்று அல்குர்ஆன் சொல்வதை எத்தனை முறை ஓதியிருப்போம். அதன் பொருளை அந்தக் கல்மதிலில் மூன்று சின்னச் சட்டைகளாகக் கண்டோம்.

தண்ணீர் போகும் வழி

வீடு திரும்பிய பின் மகளின் பாடசாலைத் தேசப்படத்தை மேசையில் விரித்து மற்றொன்றையும் பார்த்தோம். ஹட்டன் ஒரு கூரையின் முகடு போன்றது. டிக்கோயாப் பக்கம் விழும் மழை காசல்ரி நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான மின்னிலையம் வழியாக நமக்கு வெளிச்சம் தந்துவிட்டு, களனி ஆறாகிக் கொழும்புக்குக் குடிநீராகப் போகிறது. மறுபக்கம் விழும் மழை ஹட்டன் ஓயா, கொத்மலை ஓயா முதலிய சிற்றாறுகளாக இறங்கி மகாவலியில் சேர்கிறது. அந்த மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கே கடலில் கலக்கிறது?

மகள் விரலை ஆற்றின் மீது வைத்து இழுத்துக்கொண்டே போனாள். கண்டி, மகியங்கனை, மன்னம்பிட்டி. விரல் கொட்டியாரக் குடாவில் வந்து நின்றது. "உம்மா, எங்கட ஊரு!" என்று கத்தினாள்.

மனைவி எழுந்து சன்னலைத் திறந்தார். கூரையிலிருந்து பீலி வழியாகத் தண்ணீர் கொட்டிக் கொண்டிருந்தது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகும் மழை குறையவில்லை. ஹட்டனில் நான்கு ஆண்டுகள் இருந்தோம், நான்கு மழைக்காலங்களையும் முழுமையாகக் கண்டோம். மழை அலுப்புத் தரும் நாட்கள் பின்னரும் வந்தன. அப்போது அவர் அதை வாய்விட்டுச் சொன்னார், நான் ஹதீஸ் சொல்லாமல் கேட்டேன். உடுப்பைக் கொடியில் போட நானும் கூடப் போனேன்.

2022இல் மூதூருக்குத் திரும்பினோம். 2025 நவம்பர் கடைசி வாரம் டித்வா சூறாவளி வந்தது. மலைநாட்டில் மண் சரிந்து நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மகாவலி பெருகி எங்கள் பிரதேசத்தையும் வெள்ளம் மூடியது. மழை றஹ்மத்தாகவும் வரும், சோதனையாகவும் வரும் என்பதை மலையும் கடலும் ஒரே நேரத்தில் கண்டன. மலையில் வாழும் சகோதரிகளே, ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். நிலத்தில் புதிய வெடிப்புத் தெரிந்தால், மரங்களும் தூண்களும் சாய்ந்தால், திடீரென ஊற்றுக் கிளம்பினால் அல்லது ஊற்று நீர் கலங்கினால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால், தவக்கல் என்று சொல்லி வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைப்பதே நம் வழி.

அந்த நாட்களில் தாத்தாவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. மனைவி ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் எடுத்துப் பார்ப்பார். ஐந்தாம் நாள் அழைப்புப் போனது. அவர் சுகம். வீடும் சுகம். அல்ஹம்துலில்லாஹ். எங்கள் செய்தியைக் கேட்டதும் தாத்தா அழுதுவிட்டார். "எங்கட மழ எல்லாம் வந்து ஒங்கட ஊட்டுக்குள்ள பூந்திரிச்சே மகள்" என்றார்.

"அது எங்கட மழையும்தான் தாத்தா" என்றார் என் மனைவி.

சகோதரிகளே, புதிய ஊரில் இருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும், மதீனாவை முஹாஜிர்களுக்கு விருப்பமாக்கிய அந்த ரப்பு உங்கள் ஊரையும் விருப்பமாக்கித் தருவானாக. உங்கள் அடுத்த வீட்டுக்கு யாராவது புதிதாக வந்திருந்தால் ஒரு கோப்பைக் கஞ்சியோடு அந்தக் கதவைத் தட்டுங்கள். அந்த வீட்டுச் சன்னல்கள் மூடியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். வஸ்ஸலாம்.